குதிக்கணும்னா மொதல்ல ஏறணுமே! – வாசகர் கேள்வி பதில்

போன இதழ் கடைசி பக்கத்துல ஒரு போட்டோ வந்துச்சுல்ல, நம்ம மன்னார்குடி பக்கத்து பையன் ஒருத்தன் துபாய்ல அந்த பனைமர தீவுக்கு மேல விமானத்துலேர்ந்து குதிச்சி வானத்துல கையை விரிச்சிக்கிட்டு சிரிச்ச போட்டோ, அதுக்கு கீழ "ஸ்கைடைவிங் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு சும்மா ஒரு வரி போட்டோம். அவ்வளவுதான், போஸ்ட் கார்டு, வாட்ஸ்அப்னு வந்து குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல பாராசூட் விரியலன்னா என்ன ஆகும்ங்கற கேள்விதான். அந்த பாராசூட்டையும் ஆளையும் தூக்கிட்டு மேல போகுதே குட்டி விமானம், அதை பத்தி கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். நான் விமான என்ஜின் பக்கத்துல 30 வருஷம் ஸ்பானர் பிடிச்சிட்டு இப்ப கும்பகோணத்துல பேரப்பிள்ளைங்களோட காலம் தள்ற ஆளு, எனக்கு கண்ணு அங்கதான் போவும். அதனால இந்த தடவை அந்த கேள்விங்களுக்குத்தான் எடம்.

கேள்வி: அண்ணா, என் மகன் துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருக்கான். ரூம் பசங்களோட சேர்ந்து அடுத்த மாசம் விமானத்துலேர்ந்து குதிக்க போறேங்கறான். காசும் கட்டிட்டானாம். எனக்கு ராத்திரி தூக்கமே வரல. பாராசூட் விரியாம போயிட்டா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: மொதல்ல தூங்குங்கம்மா. உங்க பையன் தனியா குதிக்க போறதில்ல. பழக்கம் உள்ள மாஸ்டர் ஒருத்தர் முதுகு பக்கம் பெல்ட்டால சேத்து கட்டிக்கிட்டு குதிப்பாரு, அதுக்கு பேரு டேண்டம். அவரு முதுகுல இருக்கற ஒரே பைக்குள்ள ரெண்டு பாராசூட் இருக்கும், ஒண்ணு சொதப்பினா இன்னொண்ணு. ரெண்டையுமே அவரு இழுக்காம மயங்கிட்டாருன்னு வைங்க, பைக்குள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு, காத்தோட அழுத்தத்தை வச்சி "இவ்வளவு கீழ வந்தும் இன்னும் இவ்வளவு வேகமா விழுறாங்களே"ன்னு கண்டுபிடிச்சி தானா ரெண்டாவது பாராசூட்டை திறந்து விட்டுடும். அமெரிக்காவுல 2023ல கிட்டத்தட்ட 36 லட்சத்து 50 ஆயிரம் தடவை குதிச்சிருக்காங்க, செத்தவங்க 10 பேர். அதுலயும் நல்லா விரிஞ்ச பாராசூட்டை தரைக்கு பக்கத்துல வந்து வேகமா திருப்பி வித்தை காட்டப்போயி அடிபடுற அனுபவசாலிங்கதான் வருஷா வருஷம் ஜாஸ்தி.

எனக்கு அந்த ஒரு நிமிஷ விழுகையை பத்தி அவ்வளவா கவலை இல்லம்மா. அதுக்கு முன்னாடி 15, 20 நிமிஷம் உக்காந்து மேல போறாங்களே, அதை பத்திதான். அமெரிக்காவுல போக்குவரத்து விபத்தை விசாரிக்கறதுக்குன்னே இருக்கற என்டிஎஸ்பிங்கற வாரியம் 2008ல ஒரு அறிக்கை போட்டுச்சு. 1980லேர்ந்து அது வரைக்கும் இந்த மாதிரி குதிக்கற ஆளுங்களை ஏத்திட்டு போன விமானம் 32 விபத்துல மாட்டி 172 பேர் போயிட்டாங்க. வகுத்து பாருங்க, ஒரு விபத்துக்கு அஞ்சு பேருக்கு மேல. பாராசூட் தப்பு பண்ணினா ஒருத்தர், டேண்டம்னா ரெண்டு பேர். விமானம் தப்பு பண்ணினா லோடோட போவுது. பையன்கிட்ட "பாராசூட் நல்லதா"ன்னு கேக்கறதோட நிறுத்தாம "விமானம் எப்படி"ன்னும் கேளுங்க. என்னென்ன கேக்கணும்னு கீழ ஒரு எடத்துல சொல்லியிருக்கேன்.

கேள்வி: சார், எல்லாரும் முதுகுல பாராசூட் மாட்டிக்கிட்டுதானே உள்ள உக்காந்திருக்காங்க? விமானம் மக்கர் பண்ணினா டக்குன்னு குதிச்சிட வேண்டியதுதானே. அப்புறம் எப்படி சாவுறாங்க? லாஜிக் இடிக்குதே.
– கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: நல்ல கேள்வி தம்பி, படிச்சவங்களே இங்க கோட்டை விடுறாங்க. தஞ்சாவூர்ல ராஜராஜன் கட்டின விமானம் இருக்கே, பெரிய கோயில், அது 216 அடி. அதை மாதிரி அஞ்சு விமானத்தை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா 1,080 அடி. பறக்கற விமானத்துக்கு அந்த உயரம் வர்றதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா உன் முதுகுல இருக்கற பாராசூட்டும் ஒண்ணுதான், பள்ளிக்கூட பையும் ஒண்ணுதான். பெல்ட்டை கழட்டி, எழுந்து, கதவை திறந்து, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போயி, பாராசூட்டு முழுசா விரியறதுக்கு எடம் பத்தாது. டேண்டம் ஜோடிக்கு இன்னும் ஜாஸ்தி உயரம் வேணும். ஆக ஓடுபாதையை விட்டு எழும்பின அந்த மொத ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், ஸ்கைடைவர்னு யாருமே கிடையாது, எல்லாரும் பாசஞ்சர்தான்.

கெட்டது நடக்கறதும் நெறைய அந்த நேரத்துலதான். கலிஃபோர்னியாவுல பெரிஸ் வேலிங்கற எடத்துல 1992 ஏப்ரல்ல ஒரு ட்வின் ஆட்டர், ரெண்டு என்ஜின், 22 பேர். எழும்பின உடனே எரிபொருள்ல இருந்த கலப்படத்தால வலது என்ஜின் படுத்துடுச்சு. நின்னு போன என்ஜினோட விசிறி காத்தை தடுக்காம இருக்கறதுக்கு அதோட இதழை காத்து வாக்குல மடக்கி விடணும். பைலட் அந்த பதட்டத்துல ஓடாத என்ஜினோட விசிறியை விட்டுட்டு நல்லா ஓடிக்கிட்டிருந்த என்ஜினோட விசிறியை மடக்கிட்டாரு. 16 பேர் போயிட்டாங்க. அத்தனை பேர் முதுகுலயும் பாராசூட்டு இருந்துச்சு.

இதையே தலைகீழா பாரு. நியூசிலாந்துல டாவ்போங்கற பெரிய ஏரி, 2015 ஜனவரி. எழும்பி கொஞ்ச நேரத்துல என்ஜின் நின்னுடுச்சு, ஆனா உயரம் இருந்துச்சு. டூரிஸ்டுங்க ஆறு பேரையும் சேத்து கட்டிக்கிட்டு மாஸ்டருங்க வரிசையா குதிச்சாங்க, பைலட்டும் குதிச்சாரு. 13 பேர், 13 பேரும் உசுரோட. விமானம் மட்டும் ஏரியில.

உயரம் இருந்தாலும் வெளிய வர முடியாத சமயமும் உண்டு. இறக்கை முறிஞ்சி விமானம் ராட்டினம் மாதிரி சுத்த ஆரம்பிச்சா உள்ள இருக்கறவங்களை அந்த விசை செவுத்தோட செவுரா ஒட்டிடும், கையை தூக்கறதே கஷ்டம், கதவு மூணடி தூரத்துல இருந்தாலும் மூணு மைல்தான். பெல்ஜியத்துல 2013 அக்டோபர்ல இறக்கை முறிஞ்சி விழுந்த விமானத்துல 11 பேர், ஒருத்தரும் வெளிய வர முடியல. பின்லாந்துல 2014ல யாமியார்வியில அதே மாதிரி, இறக்கையை தாங்கற கம்பியில நாள்பட்ட விரிசல். 11 பேர்ல பைலட்டும் இன்னும் ரெண்டு பேரும் எப்படியோ வெளிய வந்து குதிச்சி தப்பிச்சாங்க, மீதி 8 பேர் உள்ளேயே.

கேள்வி: ஐயா, எங்க அப்பா காலத்துல கொள்ளிடத்துல பரிசல் ஓட்டினாங்க. ஆளு ஜாஸ்தி ஏறினா கவுந்துடும்பாங்க. சின்ன விமானத்துலயும் அப்படி உண்டா? மெஷின்தான இழுக்குது, ரெண்டு ஆளு கூட ஏறினா என்ன?
– ஒரு விவசாயி, அணைக்கரை

பதில்: உங்க அப்பா இருந்தா அவரே இதுக்கு பதில் சொல்லியிருப்பாரு. பரிசல்ல ஆளு எத்தனைங்கறதை விட எங்க உக்காந்திருக்காங்கங்கறதுதானே முக்கியம்? நடு ஆத்துல ஒருத்தன் "அங்க பாரு மொதல"ன்னு கத்தி எல்லாரும் ஒரே பக்கம் எட்டி பாத்தா என்ன ஆவும்? ஸ்கைடைவிங் விமானத்துல அந்த வேலையை தினம் வேணும்னே பண்றாங்க. கதவு பின்பக்கம் இருக்கு. குதிக்கற நேரம் வந்ததும் பத்து பதினஞ்சு பேர் கதவுக்கிட்ட போயி குமியறாங்க, நாலு பேர் வெளியில கம்பியை பிடிச்சிக்கிட்டு தொங்கறாங்க. வால் பக்கம் கனத்துடும். அதே நேரத்துல, குதிக்கறதுக்கு சௌகரியமா இருக்கட்டும்னு பைலட் வேகத்தையும் குறைச்சிருப்பாரு. வால் கனம், வேகம் கம்மி, மூக்கு மேல தூக்குது, இறக்கைக்கு காத்து பிடி விட்டு போவுது. இதைத்தான் ஸ்டால்ம்பாங்க. நம்ம ஸ்கூட்டர் ஸ்டால் ஆனா வண்டி நிக்குது, இங்க என்ஜின் நல்லாவே ஓடிக்கிட்டிருக்கும், இறக்கைதான் தூக்க மாட்டேங்கும், அப்படியே ஒரு பக்கமா சரிஞ்சி சுத்த ஆரம்பிக்கும்.

ஸ்வீடன்ல ஊமியோங்கற ஊர்ல 2019 ஜூலையில நடந்தது இதுதான். 8 ஸ்கைடைவர், ஒரு பைலட். குதிக்கிற உயரத்துக்கு கிட்டத்துல போயாச்சு, சுத்தி மேகம், எது மேல எது கீழன்னு வெளிய பாத்து தெரியல, வேகம் குறைஞ்சிருக்கு, வால் பக்கம் கனம், அந்த பைலட்டுக்கு அப்படி மேகத்துக்குள்ள ஓட்டின பழக்கம் கம்மி. கட்டுப்பாடு போச்சு, கீழ பாயற வேகத்துல இறக்கையும் பிச்சிக்கிச்சு, 9 பேரும் போயிட்டாங்க. விசாரணை பண்ணினவங்க எழுதினதை படிச்சா ஒத்த காரணம்னு எதையும் சொல்ல முடியல. நாலு சின்ன தப்பு ஒரே நாள்ல ஒரே விமானத்துல ஏறிடுச்சு. ரெண்டே வருஷத்துல, 2021 ஜூலையில, அதே நாட்டுல ஓரெப்ரோவுல இன்னொண்ணு, அங்கயும் 9 பேர். வாலுல இருக்கற ஒரு சின்ன தகடை எழும்பறதுக்கு தோதா திருப்பி வைக்கணும், அது முந்தின தடவை எறங்கறதுக்கு வச்ச எடத்துலயே இருந்திருக்கு. எழும்பினதும் மூக்கு வானத்தை பாத்து போயிடுச்சு, தரைக்கு பக்கத்துலங்கறதால திருப்பறதுக்கு நேரமில்ல.

இதுல நான் கண்ணால பாத்த ஒரு கூத்தையும் சொல்லிடறேன். வெளிநாட்டுல, ஊர் பேரு வேணாம், மருமகப்பிள்ளை குதிக்கறேன்னு சொல்லி என்னையும் கூட்டிக்கிட்டு போனாரு. கவுண்டர்ல இருந்த பொண்ணு அவரை நிமிந்து ஒரு பார்வை பாத்துட்டு "80 கிலோ இருப்பீங்களா"ன்னு கேட்டுச்சு, இவரும் "ஆங்"னாரு, தட்டிடுச்சு. தராசு பக்கத்துலயே, தூசி படிஞ்சி, மேல யாரோ ஜாக்கெட்டை தொங்க போட்டிருக்காங்க. மருமகப்பிள்ளை என் மக சமையல்ல 93க்கு போயி ரொம்ப நாளாச்சு! நம்ம ஊரு நெல் கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பத்துக்கு முள்ளு ஆடி அடங்கற வரைக்கும் உத்து பாக்கறான், அரை கிலோ கூட குறைய இருந்தா சண்டை. இங்க மனுசனை ஏத்துற எடத்துல கண்ணளவு. பத்து பேர் ஆளுக்கு பத்து கிலோ குறைச்சி சொன்னா கணக்குல வராத 100 கிலோ மேல போவுது, அதாவது பேர் எழுதாத ஒரு ஆளு, அதுவும் கூட்டத்தோட சேந்து வால் பக்கமா. நான் மருமகப்பிள்ளையை கையை பிடிச்சி கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அட்வான்ஸ் போச்சு. மக ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

கேள்வி: ஸ்கைடைவிங் விமானத்துக்கு பைலட்டா இருக்கறவங்க பெரிய கம்பெனி பைலட் மாதிரி ட்ரெயினிங் எடுத்தவங்களா? அந்த விமானமெல்லாம் பழசுன்னு சொல்றாங்களே, நிஜமா?
– ஆசிரியை, கும்பகோணம்

பதில்: டீச்சர், ரெண்டுக்கும் ஒரே கதையில பதில் இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பீச்கிராஃப்ட் கிங் ஏர்னு ஒரு ரெட்டை என்ஜின் விமானம். 2016 ஜூலையில கலிஃபோர்னியாவுல ஆளுங்களை ஏத்திட்டு மேல போயி, குதிக்க தயாராகுற நேரத்துல ஸ்டால் ஆகி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. உள்ள இருந்தவங்க எல்லாரும் குதிச்சி தப்பிச்சாங்க. அந்த சுத்துல வாலோட ஒரு பக்க துண்டே பிச்சிக்கிட்டு போயிடுச்சு, பைலட் எப்படியோ மிச்சத்தை வச்சி எறக்கிட்டாரு. சரி, விமானத்தை ரிப்பேர் பண்ணினாங்க, வாலை மாத்தினாங்க. அந்த சுத்துல இடது இறக்கை லேசா முறுக்கிக்கிச்சே, அதை சரி பண்ணல. அதே விமானம் அப்புறம் ஹவாய் தீவுக்கு போவுது, டில்லிங்ஹாம்னு ஒரு சின்ன விமான தளம். 2019 ஜூன் 21, சாயங்காலம். எழும்பின உடனே பைலட் மெதுவா ஏறாம, உள்ள இருக்கறவங்களுக்கு த்ரில்லா இருக்கட்டும்ங்கற மாதிரி தரையோட தரையா போயி சடார்னு சாச்சி தூக்கியிருக்காரு. முறுக்கின இறக்கை தாங்கல. ஸ்டால், குப்புற விழுந்து தீ. 11 பேர், ஒருத்தரும் மிஞ்சல.

நம்ம ஊர்ல மினி பஸ் டிரைவர் காலேஜ் பொண்ணுங்க ஏறிட்டா பாலத்து வளைவுல ஒரு வெட்டு வெட்டுவான் பாருங்க, அதே புத்திதான் டீச்சர், ஆகாசத்துலயும்.

விசாரிச்ச வாரியம் பைலட்டை சொல்லிட்டு அதோட விடல. அமெரிக்க விமான துறையையும் சேத்து பிடிச்சாங்க. டிக்கெட் போட்டு மக்களை ஏத்திட்டு போற விமானத்துக்கு ஒரு சட்டம், கடுமையானது. சொந்த விமானத்தை ஞாயித்துக்கிழமை ஓட்டறவனுக்கு ஒரு சட்டம், லேசானது. காசு வாங்கிட்டு டூரிஸ்டை ஏத்தற ஸ்கைடைவிங் விமானம் அந்த லேசான பக்கத்துல வருது. 2008லயே இதை சொன்னோம், கேக்கலன்னு வாரியம் வருத்தப்பட்டுச்சு.

பைலட் விஷயத்துக்கு வர்றேன். எல்லாரையும் குறை சொல்லல, தலைமுடி நரைச்ச, அந்த ஒரு விமானத்தை கையில இருக்கற வெரல் மாதிரி தெரிஞ்சவங்களும் இதுல உண்டு. ஆனா நெறைய பேருக்கு இது படிக்கட்டு. பெரிய கம்பெனிக்கு போவணும்னா இத்தனை மணி நேரம் பறந்திருக்கணும்னு கணக்கு இருக்கு, அந்த மணி நேரத்தை சேக்கறதுக்கு இங்க வந்து ஓட்டற சின்ன பசங்க, சம்பளம் கம்மி. வேலையோ, சனி ஞாயிறுல ஒரு டர்பைன் விமானம், அதாவது ஜெட் வகை என்ஜின் விசிறியை சுத்தற விமானம், 15, 20 தடவை ஏறி எறங்கும், கூட துணை பைலட் கிடையாது. ஏறும்போது முழு பலத்துல 13,000 அடிக்கு, ஆளை கொட்டினதும் அடுத்த லோடு காத்திருக்குன்னு கல்லு மாதிரி கீழ. என்ஜின் கொதிச்சி உடனே குளிர்ந்து, மறுபடி கொதிச்சி, திரும்ப குளிர்ந்து. பெரிய விமானம் ஒரு நாள்ல நாலஞ்சு தடவை சக்கரத்தை தரையில வைக்கும், இது அதை காபி நேரத்துக்குள்ள முடிச்சிடும். வயசை மட்டும் பாத்து பழசுன்னு ஒதுக்க மாட்டேன், 40 வருஷ விமானத்தை நல்லா பாத்துக்கிட்டா ஓடும், நம்ம ஊர் அம்பாசிடர் ஓடலையா. எத்தனை தடவை ஏறி எறங்குச்சு, விரிசலை யாரு தேடினாங்க, எழுதி வச்சிருக்காங்களா, இதைத்தான் நான் பாப்பேன்.

கேள்வி: எரிபொருள்ல கலப்படம்னு பேப்பர்ல படிச்சேன். விமான பெட்ரோல்ல போயி யாரு தண்ணி கலப்பா?
– முத்துப்பேட்டை வாசகர்

பதில்: யாரும் கலக்க வேணாம், அதுவே கலந்துக்கும். டேங்க் பாதி காலியா ராத்திரி நின்னா உள்ள இருக்கற ஈர காத்து குளிர்ந்து வேர்க்கும், சொட்டு சொட்டா அடியில சேரும். ஸ்கைடைவிங் விமானம் எடையை குறைக்கறதுக்காக கொஞ்சமா எரிபொருள் போட்டுக்கிட்டுதான் ஓடும், டேங்க்ல காலி எடம் ஜாஸ்தி. டர்பைனுக்கு ஊத்தறது என்னன்னு நெனைக்கிறீங்க, ரேஷன் கடை மண்ணெண்ணெய்யோட பங்காளிதான் அது. காலையில இறக்கைக்கு அடியில இருக்கற ஒரு சின்ன குழாயை அமுக்கி கண்ணாடி குடுவையில பிடிச்சி வெளிச்சத்துல தூக்கி பாப்போம். தண்ணி இருந்தா அடியில பாசிமணி மாதிரி உருண்டு நிக்கும், குடுவையை சாச்சா அதுவும் சாஞ்சி ஓடும். ரெண்டு நிமிஷ வேலை. ஜார்ஜியா மாநிலத்துல 1985ல எரிபொருள்ல அசுத்தம் சேந்து ஒரு செஸ்னா விழுந்துச்சு, 17 பேர்.

கேள்வி: வீடியோவுல பாத்தேன், உள்ள சீட்டே இல்ல, தரையில கால் நீட்டி உக்காந்திருக்காங்க. ஆபத்து இல்லையா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: சீட் இல்லாதது கூட பரவாயில்ல, ஒருத்தர் காலுக்கு நடுவுல ஒருத்தர்னு கோயில் அன்னதான பந்தி மாதிரி நெருக்கி உக்காருவாங்க. பெல்ட் போடாம இருந்தாதான் ஆபத்து. முன்னாடி இடிச்சா பின்னாடி இருக்கற அத்தனை பேரும் நெல் மூட்டை சரியற மாதிரி முன்னாடி ஆளு மேல. மிசூரியில சல்லிவன்ங்கற ஊர்ல 2006ல நடந்த விபத்துக்கு அப்புறம் ஒத்த பெல்ட் பத்தாது, ரெண்டு பக்கமும் பிடிக்கற பெல்ட் வேணும்னு வாரியமே சொல்லுச்சு. 1,500 அடி தாண்டற வரைக்கும் பெல்ட், ஹெல்மெட் ரெண்டும் மாட்டியிருக்கணும்.

கேள்வி: புடவை கட்டிக்கிட்டு குதிக்கலாமா? என் ஃப்ரெண்டு முடியாதுங்கறா, பந்தயம் கட்டியிருக்கோம்!
– நாகப்பட்டினம் வாசகி

பதில்: நீங்க ஜெயிச்சிட்டீங்க. புனேக்காரங்க ஷீத்தல் மகாஜன், பத்மஸ்ரீ வாங்கினவங்க, 2018ல தாய்லாந்துல ஒன்பது கஜம் புடவையோட குதிச்சாங்க. ஆனா அவங்க எத்தனையோ நூறு தடவை குதிச்சவங்க, புடவையை எங்கெங்க இறுக்கி கட்டணும்னு தெரிஞ்சவங்க. உங்களை அப்படியே ஏத்த மாட்டாங்க, ஏத்தவும் கூடாது. கதவுக்கிட்ட தொங்கற எதுவும் எமன்.

2025 செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் டல்லிங்கற எடத்துல என்ன ஆச்சுன்னா, 15,000 அடியில ஒருத்தர் கதவு வழியா வெளிய வரும்போது அவரோட ரெண்டாவது பாராசூட்டோட கைப்பிடி இறக்கையோட மடிப்புல மாட்டி இழுத்துடுச்சு. பாராசூட்டு அங்கேயே விரிஞ்சி, ஆளை பின்னாடி தூக்கி அடிச்சி, விமானத்தோட வாலுல சுத்திக்கிச்சு. மனுசன் வாலுல தொங்கறாரு. வெளிய இருக்கற அவருக்கு மட்டும் இல்ல, உள்ள இருக்கற பைலட்டுக்கும் அது உசுரு போற விஷயம், வால் சேதமானா விமானமே போச்சு. அவருகிட்ட ஒரு சின்ன கொக்கி கத்தி இருந்துச்சு, கதிரறுவா மாதிரி உள்பக்கம் கூரு. அதை வச்சி கயிறு ஒவ்வொண்ணா, 11 கயிறு, அறுத்து விடுபட்டு மெயின் பாராசூட்டை விரிச்சி எறங்கிட்டாரு. பைலட்டும் அடிபட்ட வாலோட எறக்கிட்டாரு. அந்த கத்தியை கட்டாயம் வச்சிக்கணும்னு அங்க விதி கூட கிடையாது.

கேள்வி: நம்ம தஞ்சாவூர்ல விமான தளம் இருக்கு, வயலா கிடக்கு, இங்க ஸ்கைடைவிங் கொண்டு வந்தா டெல்டாவுக்கு டூரிசம் வளருமே?
– இளைஞர், ஒரத்தநாடு

பதில்: தஞ்சாவூர் தளம் விமானப்படையோடது தம்பி, 2020 ஜனவரியிலேர்ந்து அங்க சுகோய் போர் விமான ஸ்குவாட்ரன் இருக்கு. அதுக்கு மேல நீ மிதந்து வந்தா வரவேற்பு வேற மாதிரி இருக்கும். இந்தியாவுல வேணும்னா ஹரியானாவுல நார்னோல் பக்கம் நடக்குது. மத்திய அரசு 2022 ஜூன்ல வான் விளையாட்டு கொள்கைன்னு ஒண்ணு போட்டுச்சு, அதுல ஸ்கைடைவிங்கும் இருக்கு. காகிதம் இருக்கு, சரி. யாரு விமானம் நிக்கற ஹேங்கர் கொட்டகைக்கு போயி அந்த தராசு மேல இருக்கற தூசியை பாக்க போறாங்கங்கறதுதான் என் கேள்வி. அப்புறம் வயல்னு சொன்னியே, தாளடி நடவு நேரத்துல டேண்டம் ஜோடி முழங்கால் சேத்துல வந்து எறங்கினா வயல்காரர் விடுவாரா? மேல போற கரண்டு கம்பியை நெனைச்சாலே பகீர்ங்குது.

கேள்வி: சிங்கப்பூர்ல வேலை பாக்கறேன், லீவுக்கு நியூசிலாந்து போயி குதிக்கலாம்னு இருக்கேன். போனா என்ன கேக்கணும், ஒரு வழியா சொல்லுங்க சார்.
– நீடாமங்கலத்துக்காரர்

பதில்: மன்னார்குடி அம்மாவுக்கும் இதே பதில்தான். எடை மெஷின்ல ஏத்தி எடை போடறாங்களான்னு பாருங்க. எடை போடாம எழுதினா நீங்களே "எடை போடுங்க"ன்னு சொல்லுங்க, வெக்கப்பட்டு குறைச்சி சொல்லாதீங்க, இது பொண்ணு பாக்கற எடம் இல்ல. ஏறினதும் பெல்ட் குடுக்கறாங்களா, மாஸ்டர் உங்களை மொதல்லயே தன்னோட கொக்கியில மாட்டிடறாரா, இல்ல 10,000 அடி வரைக்கும் தனியா விட்டு வச்சிருக்காரா, கேளுங்க. கீழயே ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணணும்னு ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்றாங்களா. பைலட்டும் பாராசூட் மாட்டியிருக்காரா. முந்தின லோடு எழும்பும்போது நின்னு பாருங்க, நேரா மெதுவா ஏறுதா, இல்ல ஹீரோத்தனம் பண்ணுதா. மேகம் கவிஞ்சா "அதெல்லாம் பாத்துக்கலாம்"ங்கறாங்களா. கேள்வி கேட்டா மூஞ்சி சுளிக்கற எடத்துல காசு போனா போவுது. நான் அப்படித்தான் அட்வான்ஸை விட்டேன், மக கூட இப்ப பேசுது.

கேள்வி: இவ்வளவு பேசறீங்களே, நீங்க குதிச்சிருக்கீங்களா?
– வலங்கைமான் வாசகர்

பதில்: மாட்டிவிட்டீங்க. அந்த அட்வான்ஸ் போன கதைக்கு அடுத்த வாரம் மருமகப்பிள்ளை விடாம வேற ஒரு எடம் தேடி பிடிச்சாரு, "மாமா, நீங்களும் வர்றீங்க"ன்னு எனக்கும் சேத்து காசு கட்டிட்டாரு. அங்க தராசு இருந்துச்சு, மேல ஜாக்கெட் இல்ல. ஷூவோட நிக்க சொன்னாங்க, எனக்கு 71, அவருக்கு 94. அந்த பொண்ணு எழுதிட்டு, அவரை முன்னாடி பக்கம் உக்கார சொல்லி ஒரு அட்டை குடுத்துச்சு. செஸ்னா கேரவான், ஒத்த என்ஜின். நான் சும்மா இருப்பேனா, சுத்தி வந்து என்ஜின் மூடிக்கு அடியில வெரலை வச்சி தடவி பாத்தேன், எண்ணெய் ஒட்டல. பைலட் பாத்துட்டு சிரிச்சிக்கிட்டே குடுவையை எடுத்து என்கிட்டயே நீட்டினாரு, பாத்துக்கோன்னு.

ஏறினோம். 12,000 அடியில ஜன்னலுக்கு வெளிய வெள்ளையா அடைச்சிக்கிச்சு. பத்து நிமிஷம் சுத்தினாரு, ஓட்டை கிடைக்கல. எறங்கறோம்னு சொல்லிட்டாரு. ஒருத்தரும் முணுமுணுக்கல. கல்லு மாதிரி விழாம மெதுவா எறக்கினாரு, ஏன்னா விமானம் வேகமா எறங்கினா பைக்குள்ள இருக்கற அந்த சின்ன கம்ப்யூட்டரு நாம விழுறோம்னு நெனைச்சி உள்ளேயே பாராசூட்டை திறந்து விட்டுடும், கதவு திறந்திருந்தா கதை முடிஞ்சிது. கதவை சாத்தி, எல்லாரும் மறுபடி பெல்ட்டை போட்டு, என் மாஸ்டர் ஒரு தடவை இழுத்து பாத்துட்டு கட்டை வெரலை தூக்கினாரு.

ராத்திரி வீட்டம்மா போன்ல, "என்ன, குதிச்சீங்களா?"ன்னாங்க. "ஏறினேன், எறங்கினேன்"ன்னேன். "இதுக்குத்தானா அவ்வளவு காசு"ன்னு வச்சிட்டாங்க.